பழைய கார்டை வெல்ல வைத்த போயா நாள்

சேர்வரில் பூட்டும் பழைய ரெய்டு கார்டுக்கும் புதியதற்கும் வேகத்தில் எவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று, கணினித் துறையில் இருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் தொலைபேசியில் கேட்டார். கையில் மூன்று தலைமுறைக் கார்டுகள் இருக்கின்றனவாம். சோதித்துப் பார்க்கத் தனி மேசை, தனி சேர்வர் எல்லாம் இருக்கிறதாம். முடிவுகளை ஓர் அட்டவணையாகப் போட்டு எல்லோருக்கும் அனுப்பப் போகிறாராம். கேட்டவுடன் எனக்குப் பொறாமை வந்தது. எங்கள் காலத்தில் ஒரு கார்டைக் கழற்றித் தூசி தட்டுவதற்கே நிர்வாகத்திடம் கெஞ்ச வேண்டும். உங்களுக்கு மூன்று கார்டுகள், குளிரூட்டிய அறை, இடையில் நிதானமாக பிளேன்டீ குடிக்க நேரம். நன்றாக இருங்கள்.

அட்டவணை போடுவதற்கு முன்னால் நான் போட்ட ஓர் அட்டவணையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதில் இருந்த எண்கள் எல்லாம் சரியானவை. ஒரு எண்ணைக்கூட நான் மாற்றி எழுதவில்லை. இருந்தும் என் முப்பது வருட வேலையில் நான் எழுதிய மிகப் பெரிய பொய் அந்த ஒரு தாள்தான்.

கண்டி நகரில் ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் அங்கே உண்டு. மாடிப்படிக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில்தான் சேர்வர். அதில் ஆறு டிஸ்க்குகள், அவற்றைக் கட்டி மேய்க்க ஒரு ரெய்டு கார்ட். அந்தக் கார்டைத் தெரிவு செய்ததும், வாங்க வைத்ததும், பூட்டியதும் நான்தான். யாராவது அதைப் பற்றி ஒரு சொல் குறைவாகச் சொன்னால் என் பிள்ளையைச் சொன்னது போல எனக்குச் சுருக்கென்று வரும்.

துறைக்குப் புதிதாக வந்தவர்களும் இதை வாசிப்பீர்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே டிஸ்க் போலக் காட்டுவதும், அதில் ஒன்று செத்தாலும் தகவல் சாகாமல் பார்ப்பதும் ரெய்டு கார்டின் வேலை. அதற்குச் சொந்தமாகக் கொஞ்சம் மெமரி இருக்கும். எழுதச் சொன்னதை முதலில் அந்த மெமரியில் வாங்கிக்கொண்டு “எழுதியாயிற்று” என்று சொல்லிவிடும். பிறகு ஆறுதலாக டிஸ்க்கில் எழுதும். வேகத்தின் இரகசியம் அதுதான். இடையில் மின்சாரம் போனால் மெமரியில் இருப்பது அழியாமல் பிடித்துவைக்க ஒரு சின்னப் பற்றரியும் உண்டு. பற்றரி செத்துவிட்டால் கார்ட் தானாகவே மெமரியைக் கைவிட்டு நேராக டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். அப்போது வேகம் படுத்துவிடும், ஆனால் தகவல் பத்திரமாக இருக்கும். பற்றரி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மெமரியையே பாவித்து எழுது என்று கார்டைக் கட்டாயப்படுத்தவும் ஒரு வழி இருக்கிறது. அந்த வழியில் போகாதீர்கள் என்று கார்டின் திரையிலேயே சிவப்பு எழுத்தில் போட்டிருக்கும்.

எனக்கு ஓய்வு பெற நான்கு வருடம் இருக்கும்போதுதான் ஷிபானா வேலைக்கு வந்தார். கட்டுகஸ்தோட்டைக்காரர். முப்பத்தெட்டு வயதிருக்கும். கொழும்பில் பெரிய இடமொன்றில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு, தாயாருக்குச் சுகமில்லை என்று ஊரோடு வந்தவர். இப்போது மரியாதையாக “அவர்” என்று எழுதுகிறேன். அந்த நாட்களில் மனதுக்குள் வேறு மாதிரித்தான் சொல்லிக்கொள்வேன்.

வந்த இரண்டாவது நாள், நான் இரண்டு வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்த லேபல் பிரிண்டரைப் பத்து நிமிடத்தில் ஓட வைத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “சேர் முக்கால்வாசி செஞ்சி வெச்சிருந்த, நான் கடசியா ஒரு பட்டன் தட்டின அவ்வளவுதான்” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அந்தப் பெருந்தன்மைதான் எனக்குச் சகிக்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

நோயாளர்களைப் பதியும் முன் கருமபீடத்தில் புஷ்பராணி என்றொரு பிள்ளை இருந்தது. வத்தேகமப் பக்கம், எங்கள் ஊர்தான். கணினி கொஞ்சம் நின்றாலும் “சேவியர் சேர், ஓடி வாங்க” என்று பதறும். அந்தக் கூப்பாட்டில் எனக்கு ஓர் இறுமாப்பு இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஷிபானா வந்து மூன்று மாதமாகியிருக்கும். ஒரு காலையில் புஷ்பராணி என் கதவைத் தட்டிவிட்டு எட்டிப் பார்த்தது.

“ஷிபானா மிஸ் இல்லீங்களா சேர்?”

“ஏன், என்ன பிரச்சினை? நான் வாறேன்.”

“இல்ல இல்ல, நீங்க இருங்க சேர். மிஸ் வந்தோன்ன சொல்லிக்கிறேன்.”

அன்று எனக்குப் பகல் சாப்பாடு இறங்கவில்லை. நத்தார் பண்டிகைக்கு என் மனைவி செய்து தந்த கேக்கை எல்லோருக்கும் கொடுத்தேன். தின்றுகொண்டே பெருநாளுக்கு மிஸ் கொண்டுவந்த வட்டிலப்பத்தைப் பற்றிப் பேசினார்கள். அதையும் மனதில் வைத்துக்கொண்டேன். பொறாமைக்காரனுக்கு ஞாபகசக்தி அதிகம்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்கேன் பிரச்சினை வந்தது. சரியாகச் சொன்னால் இரண்டு வருடமாக இருந்த பிரச்சினை, கூட்டம் கூடியதால் வெளியே தெரிந்தது. ஸ்கேன் எடுத்த படம் சேர்வரில் சேமிக்கப்பட்டால்தான் அடுத்த ஆளைக் கூப்பிடலாம். அது இழுத்துக்கொண்டே இருந்தது. காலையில் வரிசை படிக்கட்டு வரை நீண்டது. எங்கள் பணிப்பாளர் யாழ்ப்பாணத்து டொக்டர், கண்டியில் இருபது வருடமாக இருந்தும் பேச்சு மாறாதவர். எங்கள் இருவரையும் அழைத்தார்.

“கார்ட் ரெண்டு தலைமுற பழசு டொக்டர்” என்றார் ஷிபானா. “இப்ப வார கார்டுல மெமரியும் கூட, வேகமும் கூட. மாத்தினா இந்தப் பிரச்சின முடியும்.”

“சேவியர், நீங்கள் என்ன சொல்லுறியள்?”

“கார்ட்ல ஒன்னும் இல்ல டொக்டர். நெட்வேர்க்லதான் ஏதோ கோளாறு” என்றேன். பார்க்காமலேயே சொன்னேன்.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “எனக்கு உந்தத் தலைமுறைக் கதை விளங்காது. ரெண்டையும் ஓட்டிப் பாத்து, எது வேகம் எண்டு ஒரு தாளில எழுதித் தாங்கோ. ஷிபானா, உங்கட நிரந்தர நியமனமும் இந்த மாதம்தானே முடிவெடுக்க வேணும். நீங்கள் சொல்லுறது சரியா வந்தால் அதையும் சேத்து முடிப்பம். ஆனா கேட்ட ஆளே சோதிக்கிறது சரியில்லை. சேவியர் செய்யட்டும்.”

வெளியே வந்ததும் ஷிபானா ஒரே ஒரு விடயம்தான் கேட்டார். “சேர், ரெண்டு கார்டுக்கும் பற்றரி எப்பிடி இரிக்கின்டு தாள்ல ஒரு வரி எழுதிப்போடுங்க. அது இல்லாட்டி ஒப்பிட ஏலாது.”

எனக்குச் சொல்லித் தர வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

நகரில் ஒரு கடைக்காரர் புதிய கார்ட் ஒன்றை ஒரு வாரத்துக்கு இரவல் தந்தார். பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் நிலையம் பூட்டு. வாவியைச் சுற்றி வெள்ளை உடுத்தவர்கள் போய்க்கொண்டிருந்த காலை நேரத்தில், நான் மட்டும் சேர்வர் அறைக்குப் போனேன். அந்த அறைக்குள் யார் போனாலும் கதவில் தொங்கும் பதிவுக் கொப்பியில் பெயரும் நேரமும் எழுத வேண்டும். நான் கொண்டுவந்த சட்டம்தான். எழுதினேன்.

சேர்வரின் உண்மையான டிஸ்க்குகளைப் பத்திரமாகக் கழற்றி வைத்துவிட்டு, சோதனைக்கென்று வேறு டிஸ்க்குகளைப் பூட்டினேன். முதலில் பழைய கார்ட். அதன் திரையைத் திறந்தேன். பற்றரி பழுது என்றிருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னர், சாமான் எதுவும் இறக்குமதியாகாத காலத்தில் அந்தக் கார்ட் கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது. பற்றரிக்கு வழியில்லை, பிறகு பார்ப்போம் என்று சத்தத்தை நிறுத்தி வைத்தேன். பிறகு பார்க்கவே இல்லை. ஸ்கேன் இழுக்கத் தொடங்கியதும் அந்த மாதத்தில்தான். நெட்வேர்க்கிலும் குறையில்லை, கார்டின் வயதிலும் குறையில்லை. நான் மறந்துபோன, கட்டைவிரல் அளவுப் பற்றரிதான் படிக்கட்டு வரை ஆட்களை நிற்க வைத்திருந்தது.

அப்படியே ஓட்டினேன். முடிவைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

பிறகு புதிய கார்டைப் பூட்டினேன். அது கடையில் பல மாதம் பெட்டிக்குள் கிடந்தது. அதன் பற்றரியும் வெறுமையாக இருந்தது. சார்ஜ் ஆகிறது, அதுவரை மெமரி பாவிக்கப்படாது என்று திரை ஒழுங்காகச் சொன்னது. மாலை வரை காத்திருந்தால் போதும். எனக்கு அன்று வேறு வேலையும் இல்லை. நான் காத்திருக்கவில்லை. அந்த நிலையிலேயே ஓட்டினேன். எண்கள் சுமாராக வந்தன. பற்றரி இல்லாத நிலையிலும் பழையதைவிடக் கொஞ்சம் மேல்தான்.

இங்கேதான் நான் நியாயமாக இருந்திருக்க வேண்டும். எழுந்து ஒரு பிளேன்டீ குடித்திருந்தாலும் மனம் மாறியிருக்கும். ஆனால் என் தலைக்குள் “இல்ல இல்ல, நீங்க இருங்க சேர்” என்ற குரல் கேட்டுக்கொண்டிருந்தது. பழைய கார்டைத் திரும்பப் பூட்டினேன். பற்றரி இல்லாவிட்டாலும் மெமரியைப் பாவிக்கச் சொல்லும் அந்தச் சிவப்பு எழுத்து இடத்துக்குப் போய், ஆம் என்று கொடுத்தேன். மறுபடி ஓட்டினேன். பழைய கார்ட் பறந்தது. புதியதை எட்டாத தூரத்தில் விட்டுவிட்டுப் போனது. தனி அறையில் தனியாக நின்று சிரித்தேன் என்றால் நம்புங்கள்.

வந்த எண்களைத் தாளில் எழுதினேன். இடது பக்கம் பழையது, வலது பக்கம் புதியது. முதலில் ஓட்டிய வெட்கக்கேட்டை எழுதவில்லை. பற்றரி பற்றிய வரியையும் எழுதவில்லை. கீழே கையெழுத்து வைத்தேன்.

உண்மையான டிஸ்க்குகளைத் திரும்பப் பூட்டும்போது அந்தச் சிவப்பு எழுத்து அமைப்பை மாற்றி வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மாற்றினால் மறுநாள் பழைய மந்தம் வரும். அப்படியே விட்டேன். புதுப் பற்றரி வரும் வரை கொஞ்ச நாள் ஓடட்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பற்றரிக்கு விண்ணப்பம் எழுதினால் அது எப்போது பழுதானது என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். அதனால் அதையும் எழுதவில்லை.

மறுநாள் காலை புஷ்பராணி என் அறைக்கு ஓடி வந்தது. “சேர், என்னா செஞ்சீங்க? ஸ்கேன் எல்லாம் சும்மா பறக்குது! நான் அப்பவே சொன்னேன், சேவியர் சேர் கை வச்சாதான் ஓடும்னு.” அன்று இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

கூட்டத்தில் டொக்டர் தாளைப் பார்த்துவிட்டு ஷிபானாவிடம் நீட்டினார். அவர் நெடுநேரம் பார்த்தார். “பற்றரி வரிய காணல்லியே சேர்” என்றார்.

“எல்லாம் நோர்மல்தான்” என்றேன். அந்த இரண்டு சொல்லை நான் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

“அப்ப புதுசு தேவையில்லை” என்றார் டொக்டர். “ஷிபானா, சாமான் வாங்கச் சொல்லுறதுக்கு முன்னம் நல்லா ஆராய வேணும். நியமனத்தை இன்னும் மூண்டு மாதம் தள்ளி வைச்சுப் பாப்பம்.”

ஷிபானா தாளைத் திரும்ப மேசையில் வைத்தார். சுகமில்லாத தாயை வைத்துக்கொண்டு நிரந்தரமில்லாத வேலையில் இருப்பவர். வேலை போனால் திரும்பக் கொழும்புக்குத்தான் போக வேண்டும், தாயை யார் பார்ப்பது? அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, கூட்டம் முடிந்து வரும்போது மனம் குளிர்ந்திருந்தது.

அந்தக் குளிர்ச்சி நீடிக்கவில்லை. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. வழமை போல வந்தார், வழமை போலச் சிரித்தார். அவமானத்தையும் இவ்வளவு அழகாகச் சுமக்கிறாரே என்று அதற்கும் எரிந்தேன். மணிக்கு ஒரு தடவை தன் கணினியில் ஏதோ தட்டுவார். நான் அந்தப் பக்கம் போனால் திரையில் இருந்ததை மூடிவிடுவார். வேறு இடத்தில் வேலை தேடுகிறார் என்று முடிவு கட்டிச் சந்தோஷப்பட்டேன்.

மூன்று மாதம் முடியும் வாரம். பகலுக்குப் பிறகு ஹந்தானை மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டரை மணிக்கு மேல் ஒரு இடி. கட்டடமே அதிர்ந்தது. மின்சாரம் போக, அதைத் தாங்க வேண்டிய யூபிஎஸ்ஸும் மின்னல் பட்டு அணைந்தது. சேர்வர் அறை அடியோடு அமைதியானது. கார்டின் மெமரியில் என்ன இருந்ததோ அவ்வளவும் போயிருக்கும்.

ஜெனரேட்டர் வந்து சேர்வர் எழும்பியது. நோயாளர் பதிவேடு திறக்கவில்லை. எத்தனை தடவை தட்டினாலும் பிழை என்றே காட்டியது. முன்னால் எழுபது எண்பது பேர் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தார்கள். அதில் மறுநாள் காலை சத்திரசிகிச்சைக்குப் போக வேண்டியவர்களும் இருந்தார்கள். முந்தைய இரவுப் பிரதி இருந்தது. ஆனால் அன்றைய நாள் முழுவதும் அதில் இல்லை. நான் கதிரையில் உட்கார்ந்து விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சேர், கொஞ்சம் தள்ளுங்க” என்று ஷிபானா வந்தார். “என்ட மெசின்ல ரெண்டு மணி வரைக்கும் பதிவேட்டுக் கொப்பி இரிக்கி. இரவுக் கொப்பிய போட்டு அதுக்கு மேல இத போடுவோம். மிச்ச அர மணித்தியாலத்த ஸ்கேன், லேப் மெசின்கள்ல இருந்து திரும்ப எடுக்க ஏலும்.”

ஒன்றரை மணி நேரத்தில் ரிப்போர்ட்டுகள் போகத் தொடங்கின. ஒருவருடையதும் தவறவில்லை. “மிஸ் இல்லேன்னா இன்னைக்கு சனம் நம்மள கிழிச்சிருக்கும்” என்று புஷ்பராணி கண் கலங்கியது. நான் நன்றியோடு இருந்திருக்க வேண்டிய நேரம். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் வயிறு எரிந்தது.

நான்கரை மணிக்கு டொக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேசையில் சேர்வர் அறைக் கொப்பி விரித்துக் கிடந்தது.

“ஷிபானா, இண்டைக்கு அந்த அறைக்குக் கடைசியாப் போனது நீங்கள்தான். பன்னிரண்டு மணிக்கு.”

“ஓம் டொக்டர். பெக்அப் டிஸ்க் மாத்தப் போன.”

“மூண்டு மாதத்துக்கு முன்னம் இந்தக் கார்ட் சரிவராது எண்டு சொன்னது நீங்கள். முந்தியும் கரண்ட் போயிருக்கு, பதிவேடு பழுதாகேல்லை; இண்டைக்கு நீங்கள் உள்ள போய் வந்த பிறகுதான் எல்லாம் விழுந்தது. கையில பதிவேட்டுக் கொப்பியும் தயாரா வைச்சிருக்கிறியள். ஒவ்வொரு மணித்தியாலமும் ஏன் எடுத்து வைச்சனீங்கள்? இப்பிடி நடக்கும் எண்டு உங்களுக்கு முன்னமே தெரியுமோ?”

மற்றவர்களைக் காப்பாற்றிய அதே பதிவேட்டுப் பிரதி ஷிபானாவின் கழுத்துக்கு வந்து நின்றது. அவர் கையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. அதன் ஓரத்தில் தெரிந்த அச்சைப் பார்த்ததும் அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. ரெய்டு கார்ட் தனக்கென்று ஒரு நாட்குறிப்பு எழுதும். எந்த நாள், எந்த நேரம், எந்த அமைப்பு மாற்றப்பட்டது என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த நாட்குறிப்பை அச்சடித்த தாள் அது. அதற்குப் பக்கத்தில் கதவுக் கொப்பியை வைத்தால், போயா தினத்தில் உள்ளே இருந்தவன் யார் என்பதும் தெரிந்துவிடும்.

அவர் விரிக்கவில்லை. தாளைக் கையில் கசக்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

இனி நான் சொல்லப்போவதை நன்றாகக் கேளுங்கள். நெருக்கடியில் மனிதனுக்கு மனச்சாட்சி விழிக்கும் என்று சொல்வார்கள். எனக்கு அப்படி எதுவும் விழிக்கவில்லை. இந்தப் பெண் என்னைக் காட்டிக்கொடுக்காமல் வேலையை விட்டுப் போய்விடுவார், பிறகு என்றைக்காவது இது வெளியே வந்தால் ஊரெல்லாம் அவருடைய பெருந்தன்மையைப் பேசும் என்றுதான் தோன்றியது. லேபல் பிரிண்டரில் பட்ட பெருந்தன்மையே எனக்கு ஆறவில்லை. இதை என்னால் தாங்க முடியாது.

“டொக்டர், அது நான்” என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பற்றரி, சத்தத்தை நிறுத்தியது, போயா நாள், சிவப்பு எழுத்து, எழுதாமல் விட்ட வரி எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?” என்றார் டொக்டர்.

“பொறாமை டொக்டர்.”

அவர் மேசை இலாச்சியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தார். அதில் கையெழுத்து வைத்து ஷிபானாவிடம் கொடுத்தார். அது நிரந்தர நியமனம். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். “சேர்வர் அறைத் திறப்பைத் தாங்கோ.” கொடுத்தேன். அந்தச் சாவியையும் என் கண் முன்னாலேயே ஷிபானாவிடம் கொடுத்தார். ஓய்வு பெறும் வரை நான் அவருக்குக் கீழேதான் வேலை செய்தேன்.

அன்று மாலை மழை விட்டிருந்தது. பஸ் எடுக்க இருவரும் ஒரே வழியாகத்தான் நடக்க வேண்டியிருந்தது. நான்தான் கேட்டேன்.

“அந்தத் தாள எப்ப பிரிண்ட் எடுத்தீங்க மிஸ்?”

“கூட்டம் நடந்த அடுத்த கெழம.”

“அப்ப மூனு மாசமா கையில வச்சிருந்தீங்க. அன்னைக்கே டொக்டர்கிட்ட காட்டியிருந்தா உங்க வேலையும் நிரந்தரமாயிருக்கும், பதிவேடும் தப்பியிருக்கும். ஏன் காட்டல?”

கட்டுகஸ்தோட்டை பஸ் வந்து நின்றது. அவர் ஏறவில்லை. பஸ் போன பிறகுதான் பேசினார்.

“உண்மய சொல்லட்டா சேர்? நான் வந்த நாள்ல இருந்து பாக்கிற. நீங்க ஒரு வேலைய செஞ்சா ஸ்டாப் எல்லாம் கொண்டாடுறாங்க. நான் எத செஞ்சாலும் கொழும்புல படிச்சவ, அவளுக்கு லேசுன்டு சொல்லிட்டு போறாங்க. அந்தப் போயா முடிஞ்சி எல்லாரும் உங்கள தலையில தூக்கி வெச்சி ஆடினது எனக்குத் தாங்க ஏலாம போன. தாள காட்டினா நீங்க மன்னிப்புக் கேப்பீங்க, டொக்டர் ஏசுவாரு, ரெண்டு நாள்ல எல்லாரும் மறந்திடுவாங்க. எனக்கு அது போதாது. எல்லாரும் பாக்கிற மாதிரி அந்தக் கார்ட் விழணும்டுதான் நான் பாத்துக்கொண்டு இரிந்த. நோயாளிமார்ட ரிப்போர்ட் மட்டும் விழக்கூடா. அதுக்குத்தான் கொப்பி எடுத்த.”

“ரூமுக்குள்ள தாள விரிக்காம நின்னீங்களே?”

“விரிச்சா டொக்டர் பிரிண்ட் எடுத்த தேதிய பாத்திருப்பாரு. மூனு மாசமா தெரிஞ்சிக்கொண்டு ஏன் பேசாம இரிந்தன்டு கேட்டிருப்பாரு. நான் என்ன சொல்ற?”

நான் பெருந்தன்மை என்று நினைத்து எரிந்தது இதைப் பார்த்துத்தான். சிரிப்பு வந்தது. வீதியில் நின்று இருவரும் சிரித்தோம். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. என்னைப் போலவே ஒருத்தி என்று தெரிந்ததும், பல மாதங்களுக்குப் பிறகு நெஞ்சு இலேசானது.

அடுத்த போயா தினத்தில் இருவரும் சேர்ந்து சோதனையைத் திரும்பச் செய்தோம். பழைய கார்டுக்குப் புதுப் பற்றரி போட்டோம். கடைக்காரரிடம் புதிய கார்டைத் திரும்ப இரவல் வாங்கி, அதன் பற்றரி நிறையும் வரை காத்திருந்தோம். ஒரே டிஸ்க்குகள், ஒரே அமைப்புகள். புதிய தலைமுறை வேகம்தான், அதில் சந்தேகமில்லை. சின்னச் சின்னப் பதிவுகள் ஆயிரக்கணக்கில் வரும்போதும், செத்த டிஸ்க்குக்குப் பதிலாக வேறொன்றைப் போட்டு நிரப்பும்போதும் பழையதை எங்கேயோ விட்டுவிடும். ஆனால் எங்கள் ஸ்கேன் வரிசைக்கு அந்த வேகம் தேவைப்படவே இல்லை. பற்றரி மாற்றிய பழைய கார்டே தாராளமாகப் போதும். அதாவது, முதல் போயா தினத்திலேயே என் பிழையைச் சொல்லி, பற்றரியை மாற்றி, மாலை வரை காத்திருந்து நேர்மையாக ஓட்டியிருந்தால் முடிவு நான் சொன்ன பக்கமே நின்றிருக்கும். பொய் சொல்லித் தோற்ற ஒரு போட்டியில், உண்மை சொல்லியிருந்தால் நான் வென்றிருப்பேன். திரையைப் பார்த்துக்கொண்டு நின்ற ஷிபானாவுக்கும் முகம் சுருங்கியது. புதுக் கார்ட் வேண்டும் என்ற அவசரத்தில் அவரும் பழையதன் பற்றரியைத் திறந்து பார்க்கவில்லை.

உங்கள் அட்டவணையில் தலைமுறை, மெமரி, வேகம் என்று பல நிரல்கள் இருக்கும். பற்றரியின் நிலைக்கும் ஒரு நிரல் போடுங்கள். பக்கத்திலேயே, இதைச் சோதித்தவருக்கு அந்த மாதம் யார் மீது எரிச்சல் என்று ஒரு நிரல் போட முடியுமானால் அதையும் போடுங்கள். முடியாது என்று தெரியும். அதனால் சோதிக்கும்போது, உங்களுக்கு யார் மீது எரிகிறதோ அவரைப் பக்கத்தில் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். அவரைவிடக் கவனமாக யாரும் பார்க்க மாட்டார்கள்.

அந்த இரண்டாவது தாளின் பிரதி ஒன்று என் அலுமாரியில் இருக்கிறது. கீழே இரண்டு கையெழுத்துகள். ஷிபானாவுடையது மேலே, என்னுடையது அதற்குக் கீழே. நான்தான் விட்டுக்கொடுத்தேன் என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் மறைக்க மாட்டேன். நான் பேனா தேடிக்கொண்டிருந்த இடைவெளியில் அவர் போட்டுவிட்டார்.